மடிப்பு வரிசையும் வாசிப்பு வரிசையும்: புதுச்சேரி அச்சு மரபை முன்வைத்துச் சிறுநூல் பக்க அடுக்கு நிரல்கள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

அச்சிடப்படும் சிறுநூலின் பக்கங்கள் தாளில் வாசிப்பு வரிசைப்படி அமைவதில்லை. தாள் மடிக்கப்பட்ட பின்னரே அவ்வரிசை உருவாகின்றது. முன்னர் அச்சகத்தின் கல்மேடையில் நிகழ்ந்த இப்பக்க அடுக்கு வேலை இன்று கணினிப் பக்க வடிவமைப்பு மென்பொருளிலும் அதனுள் இயங்கும் நிரல்களிலும் நிகழ்கின்றது. இம்மாற்றத்தால் தமிழ்ப் பனுவல் பாதுகாப்பில் தோன்றியுள்ள சிக்கல்களைப் புதுச்சேரியின் அச்சு மரபோடு இணைத்து இக்கட்டுரை ஆராய்கின்றது. பக்க அடுக்கு, மூலக் கோப்பினின்று பிரித்து வைக்கத்தக்க ஒரு பிற்செயலாக அமைதல் வேண்டும் என்பதும், அதன் விவரங்கள் நூல் விவரணையில் இடம்பெறுதல் வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: பக்க அடுக்கு, ஃபாரம், சிறுநூல், நிரல், புதுச்சேரி, பனுவல் திறனாய்வு, எண்ணிமப் பாதுகாப்பு.

முன்னுரை

தமிழ் நூல் வரலாற்றாய்வுகள் அச்சேறிய நூல்களின் உள்ளடக்கம், பதிப்பாசிரியர், புரவலர், விலை, வாசகர் ஆகியவற்றைப் பெரிதும் பேசியுள்ளன. நூல் என்னும் பொருள் தாளிலிருந்து எவ்வாறு உருவாகின்றது என்னும் வினாவுக்கு அவற்றில் கிடைத்த இடம் சிறிது. அச்சுக்கோப்பாளரும் பைண்டரும் நாள்தோறும் கையாளும் ‘ஃபாரம்’ என்னும் சொல் ஆய்வேடுகளின் துணைநூற்பட்டியல்களில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. டெம்மி, கிரவுன் என்னும் அளவுக் குறிப்புகளோடும் மொத்தப் பக்க எண்ணிக்கையோடும் விவரணை நின்றுவிடுகின்றது.

ஆங்கில நூலியலில் நிலைமை வேறு. பிரெட்சன் பவர்ஸ் 1949இல் வெளியிட்ட நூல் விவரணைக் கோட்பாட்டு நூல், தாள் மடிப்பையும் மடிப்புத் தொகுதிகளின் வரிசையையும் விவரணையின் அடிப்படையாகக் கொண்டது. சார்ல்டன் ஹின்மன் 1963இல் வெளியிட்ட ஆய்வு, ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் ஃபோலியோ பக்க வரிசைப்படி அன்றி, தாளின் ஒரு புறத்தில் ஒருங்கே அச்சாகும் பக்கங்களின் வரிசைப்படி அச்சுக்கோக்கப்பட்டதை நிறுவியது. பனுவலின் பிழைகளை விளக்குவதற்கு மடிப்பை அறிதல் இன்றியமையாதது என்பதே இவ்வாய்வுகள் தரும் பாடம். ஈய எழுத்துக் காலத்துக்கு உரிய இப்பாடம் கணினிக் காலத் தமிழ்ச் சிறுநூலுக்கும் பொருந்துமா என்பதே இங்கு எழும் வினா.

புதுச்சேரியும் சிறுநூலும்

இவ்வினாவை எழுப்புவதற்குப் புதுச்சேரி தக்க களமாகின்றது. வீரமாமுனிவரின் தேம்பாவணி 1851 முதல் 1853 வரையில் மூன்று பகுதிகளாக இந்நகரில் அச்சேறியது. முசே, துய்ப்புய் என்னும் இரு மறைப்பணியாளர் தொகுத்த தமிழ்–பிரெஞ்சு அகராதியின் இரு தொகுதிகள் 1855இலும் 1862இலும் மறைப்பணியாளர் அச்சகத்திலிருந்து வெளிவந்தன. இவை பெருநூல்கள்; பல மடிப்புத் தொகுதிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கித் தைக்கப்படும் வகையின.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நகரின் அச்சு வேறொரு வடிவத்தால் அறியப்பட்டது. 1908இல் பாரதி புதுச்சேரிக்கு வந்தபின் ‘இந்தியா’ வார இதழ் இங்கிருந்து வெளிவந்தது. பிரித்தானிய இந்தியாவுக்குள் அது நுழைவது தடுக்கப்பட்ட நிலையில் 1910இல் நின்றது. அவருடைய ‘கனவு’, ‘ஆறில் ஒரு பங்கு’ ஆகிய சிறுநூல்களைச் சென்னை அரசு 1911இல் தடைசெய்தது. ஒரு சில தாள்களில் அடங்குவதும், அஞ்சலில் அனுப்பத்தக்கதும், கைமாறிச் செல்வதற்கு எளியதுமான சிறுநூல் வடிவம், எல்லைக்கு அப்பால் உள்ள வாசகரை நோக்கி எழுதுவோர்க்கு இயல்பாகப் பொருந்தியது. தமிழகத்தின் மலிவு விலை வெளியீடுகளை ஆராய்ந்த ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘முச்சந்தி இலக்கியம்’ (2004), உயர் இலக்கிய வரலாறு புறக்கணித்த இத்தகைய மெல்லிய நூல்களின் சமூக வலிமையை உணர்த்தியது. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கங்கள் கொண்டது என்பதை எண்ணினால், தமிழ் அச்சு வரலாறு சிறுநூலோடு எத்துணை நெருங்கியது என்பது புலனாகும்.

இன்றைய புதுச்சேரிக்கு மற்றொரு முகமும் உண்டு. மேலைநாட்டுப் பல்கலைக்கழகப் பதிப்பகங்களின் நூல்களில், பதிப்புரிமைப் பக்கத்தின் அடியில் பக்க வடிவமைப்புச் செய்யப்பட்ட இடமாகப் புதுச்சேரியின் பெயர் காணப்படுவது பழகிப்போன ஒன்று. அத்துறையில் பனுவலின் கட்டமைப்பு ஒரு கோப்பாகவும், அதன் அச்சுத் தோற்றம் அதிலிருந்து பெறப்படும் வேறொரு கோப்பாகவும் பிரித்துப் பேணப்படுகின்றன. இந்நெறி தமிழ்ச் சிறுநூல் ஆக்கத்துக்கும் உரியதாக வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

பக்க அடுக்கின் இயல்பு

மடித்து நடுவில் பின் அடிக்கப்படும் சிறுநூலில் ஒவ்வொரு தாளும் நான்கு பக்கங்களைத் தாங்கும். ஆகவே மொத்தப் பக்கங்கள் நான்கின் மடங்காதல் வேண்டும். பதினாறு பக்கச் சிறுநூல் ஒன்றில் முதல் தாளின் முன்புறத்தில் 16, 1 ஆகிய பக்கங்களும் பின்புறத்தில் 2, 15 ஆகியவையும் அமையும். அடுத்தடுத்த தாள்களில் முறையே 14, 3, 4, 13, 12, 5, 6, 11, 10, 7, 8, 9 என்னும் இணைகள் வரும். எந்த இணையைக் கூட்டினாலும் 17 கிடைக்கும். மொத்தப் பக்கங்களோடு ஒன்றைக் கூட்டிய தொகையே ஒவ்வோர் இணையின் தொகை என்பது பொது விதி. பக்க அடுக்கு நிரல்கள் இவ்விதியின் மேல் இயங்குகின்றன.

பெருந்தாளை மும்முறை மடித்துப் பெறும் பதினாறு பக்க ஃபாரத்தில் கணக்குச் சற்று வேறுபடும். அங்கு 1, 4, 5, 8, 9, 12, 13, 16 ஆகிய எட்டுப் பக்கங்கள் தாளின் ஒரு புறத்திலும், எஞ்சிய எட்டும் மறுபுறத்திலும் அமையும். அச்சு ஓட்டத்தின் இடையில் ஒரு புறத்தில் மட்டும் திருத்தம் செய்யப்பட்டிருந்தால், ஒரே பதிப்பின் இரு படிகளுக்கிடையே காணும் வேறுபாடுகள் இந்த எட்டுப் பக்கங்களுக்குள் அடங்கும். பாடவேறுபாடுகளைப் பக்க எண்ணோடு பட்டியலிடும் பதிப்பாசிரியர், அவ்வெண்கள் தாளின் எப்புறத்தைச் சேர்ந்தவை என்று நோக்கினால், பாடவேறுபாடு ஆசிரியர் திருத்தமா அச்சக நிகழ்வா என்று கருதுவதற்கு ஒரு சான்று கிடைக்கும்.

மென்பொருளும் நிரலும்

தமிழ் அச்சகங்களில் நெடுங்காலம் கோலோச்சிய பேஜ்மேக்கரின் இறுதிப் பதிப்பு 2001இல் வெளிவந்தது. அதில் சிறுநூல் அமைக்கும் துணைக்கருவி ஒன்று இருந்தது. அது பக்கங்களை அடுக்கிய புதிய கோப்பையே உருவாக்கியது. பின்வந்த இன்டிசைனில் சிறுநூல் அச்சிடல் அச்சு ஆணையின் ஒரு பகுதியாயிற்று. மூலக் கோப்பின் வரிசை கலையாமல் வெளியீட்டில் மட்டும் அடுக்கு நிகழ்ந்தது. கட்டற்ற மென்பொருளான ஸ்கிரைபஸில் உள்ளமைந்த பக்க அடுக்கு வசதி இல்லை. பைதான் நிரல் எழுதியோ வெளிக் கருவியைக் கொண்டோ அது நிறைவேற்றப்படுகின்றது. டெக் வழிப் பக்கம் அமைப்போர், பிடிஎஃப் பக்கங்களைக் கையாளும் துணைத்தொகுப்பில் ஒரு சொல்லாணையால் இதனைச் செய்கின்றனர்.

இவற்றுள் முதல் வகைக்கும் ஏனையவற்றுக்கும் உள்ள வேறுபாடு தொழில்நுட்ப நுணுக்கம் மட்டுமன்று. அடுக்கிய பக்கங்களைக் கொண்ட புதிய கோப்பு உருவானபின், பிழைதிருத்தம் அக்கோப்பிலேயே செய்யப்படக்கூடும். அவ்வாறு செய்யப்பட்டால், வாசிப்பு வரிசையில் உள்ள மூலக் கோப்பு பழைய பாடத்தையும் அடுக்கப்பட்ட கோப்பு திருந்திய பாடத்தையும் கொண்டிருக்கும். அச்சான நூலோடு ஒத்த பாடம் வரிசை குலைந்த கோப்பில் மட்டுமே எஞ்சும். நிரல் வழி அடுக்கில் இவ்விடர்ப்பாடு குறைவு. திருத்தம் மூலத்தில் செய்யப்படும். நிரல் மீண்டும் இயக்கப்படும். அடுக்கப்பட்ட கோப்பு ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறக்கும். அதனைப் பேண வேண்டிய தேவையே எழாது.

குலைந்த வரிசையின் விளைவு

அடுக்கப்பட்ட கோப்பு மட்டும் மின்னூலகத்துக்குச் சென்று சேர்ந்தால் நிகழ்வதைக் கணக்கிட்டுக் காணலாம். பதினாறு பக்க நூலில் ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குச் செல்லும் இடங்கள் பதினைந்து. அடுக்கப்பட்ட கோப்பிலிருந்து இடம், வலம் என்னும் முறையில் உரையைப் பிரித்தெடுத்தால் 1–2, 3–4, 5–6, 7–8, 8–9 ஆகிய ஐந்து இடங்களில் மட்டுமே தொடர்ச்சி நிலைக்கும்; பத்து இடங்களில் அறுபடும். முப்பத்திரண்டு பக்க நூலில் 31 இடங்களுள் 9 மட்டுமே எஞ்சும். அறுபடுவதோடு பொய்யான இணைப்புகளும் தோன்றும்: இரண்டாம் பக்கத்தின் இறுதித் தொடர் பதினைந்தாம் பக்கத்தின் முதல் தொடரோடு ஒட்டிக்கொள்ளும்.

சொல் எண்ணிக்கையை மட்டும் நோக்கும் ஆய்வுக்கு இதனால் பெருங்கேடு விளையாது. தொடரமைப்பு, சொல்லுறவு, கதைப்போக்கு, யாப்பு ஆகியவற்றை நோக்கும் ஆய்வுக்கு விளையும் கேடு பெரிது. மேற்கோள் காட்டுதலிலும் குழப்பம் நேரும். திரையில் நான்காவதாகத் தோன்றுவது நூலின் 4, 13 ஆகிய பக்கங்கள். மூன்றாவதாகத் தோன்றுவது 14, 3 ஆகியவை. திரை எண்ணைப் பக்க எண்ணாகக் கொண்டு எழுதப்படும் அடிக்குறிப்பு பின்வரும் ஆய்வாளரை வேறிடத்துக்கு இட்டுச்செல்லும்.

ஓலைச்சுவடிகளோடு பழகிய தமிழ்ப் புலமைக்கு இச்சிக்கல் புதியதன்று. சுவடியில் ஏடுகள் மடிக்கப்படுவதில்லை. துளையிட்டுக் கயிற்றில் கோக்கப்படுகின்றன. கயிறு அறுந்தால் வரிசை குலையும். ஏட்டின் ஓரத்தில் இடப்பட்ட எண்ணே அதனை மீட்கும் வழி. புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்திலும் தூரகிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியின் இந்நகர் மையத்திலும் உள்ள ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. அத்தகைய தொகுப்புகளைப் பட்டியலிடுவோர் ஏட்டெண்ணையும் விடுபட்ட ஏடுகளையும் குறிப்பது மரபு. நூற்றாண்டுகள் பழமையான ஓலைக்குக் காட்டப்படும் இக்கவனம், பத்தாண்டுகளுக்கு முன்னர் உருவான பிடிஎஃப் கோப்புக்குக் காட்டப்படாமை முரணாகும்.

தமிழ் யாப்பு மரபு வரிசையைக் காக்கும் கருவியைப் பாட்டுக்குள்ளேயே அமைத்துக்கொண்டது என்பதும் இங்குக் கருதத்தக்கது. அந்தாதியில் ஒரு பாடலின் ஈறு அடுத்த பாடலின் முதலாகின்றது. இறுதிப் பாடலின் ஈறு முதற்பாடலின் தொடக்கத்தோடு சேர்ந்து மண்டலிக்கின்றது. ஏடு குலைந்தாலும் பாடல் குலையாது. ஆனால் உரைநடைச் சிறுநூலுக்கு அத்தகைய உட்கட்டு இல்லை. அதன் வரிசைக்குக் காவல் பக்க எண் ஒன்றே. அவ்வெண்ணும் அட்டைப் பக்கங்களிலும் வெற்றுப் பக்கங்களிலும் அச்சிடப்படாமல் விடப்படுவதுண்டு.

எழுத்து வரிசை தரும் ஒப்புமை

தமிழ்க் கணிமை இதே வகையான சிக்கலை எழுத்து நிலையில் ஒருமுறை எதிர்கொண்டு தீர்த்துள்ளது. பழைய எட்டு பிட் எழுத்துருக்களில் ‘கொ’ என்னும் எழுத்து, கண்ணுக்குத் தோன்றும் முறையில் ஒற்றைக்கொம்பு, ககரம், கால் எனச் சேமிக்கப்பட்டது. அச்சுக்கு அது போதுமானதாக இருந்தது. தேடுதலுக்கும் அகரவரிசைப்படுத்தலுக்கும் அது தடையாயிற்று. ஒருங்குறி ககரத்தை முதலிலும் உயிர்க்குறியை அடுத்தும் சேமிக்கின்றது. கொம்பை முன்னே இடுவது எழுத்துருவின் வேலையாயிற்று. சேமிப்பு வரிசை வேறு, தோற்ற வரிசை வேறு என்னும் தெளிவே அங்குத் தீர்வாக அமைந்தது.

பக்க அடுக்குக்கும் இத்தெளிவே வேண்டப்படுகின்றது. வாசிப்பு வரிசை சேமிப்புக்கு உரியது. மடிப்பு வரிசை தோற்றத்துக்கு உரியது. பழைய எழுத்துருவில் அமைந்து, அடுக்கப்பட்ட நிலையில் மட்டும் எஞ்சியுள்ள சிறுநூற் கோப்பில் சொல்லுக்குள் எழுத்தும் நூலுக்குள் பக்கமும் ஒருங்கே இடம்மாறிக் கிடக்கும். எழுத்தை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் முதற்குலைவை மட்டுமே சீர்செய்யும்.

ஸ்கிரைபஸின் வரலாறு இவ்விரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதைக் காட்டுகின்றது. அதன் 1.4 வரிசையில் தமிழ் உயிர்க்குறிகள் உரிய இடத்தில் அமையவில்லை. 1.5 வரிசையில் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான ஆதரவு சேர்ந்தது. 2024இல் வெளிவந்த 1.6 அதனை நிலைபெற்ற பதிப்பாக்கியது. அதற்கு முன்னர் நிரல் எழுதிப் பக்கங்களை அடுக்க இயன்றும் அப்பக்கங்களுக்குள் தமிழை ஒருங்குறியில் செம்மையாக அமைக்க இயலவில்லை. தமிழ்ச் சிறுநூலாக்கத்தில் கட்டற்ற மென்பொருள் பரவாமைக்கான காரணங்களுள் இதனையும் ஒன்றாகக் கருதலாம்.

நிரலுக்குள் மறைந்துள்ள பதிப்பு முடிவுகள்

பக்க அடுக்கு நிரல் நடுநிலையான கணக்கு எனத் தோன்றினும், அதனுள் பதிப்பாசிரியர்க்கு உரிய முடிவுகள் மறைந்துள்ளன. முப்பது பக்கப் பனுவல் முப்பத்திரண்டு பக்க நூலாகும்போது இரு வெற்றுப் பக்கங்கள் சேர்கின்றன. எளிய நிரல் அவற்றை இறுதியில் சேர்க்கும். தலைப்புப் பக்கத்துக்குப் பின் ஒன்றும் இறுதியில் ஒன்றுமாக அவற்றை வைத்தால், இடையிலுள்ள ஒவ்வொரு பக்கமும் இடப்புறத்திலிருந்து வலப்புறத்துக்கோ வலப்புறத்திலிருந்து இடப்புறத்துக்கோ மாறும். பாட்டும் உரையும் எதிரெதிர்ப் பக்கங்களில் அமைய வேண்டிய நூலில் இது பொருளை ஒட்டிய முடிவாகும்.

தாளின் தடிப்பும் கணக்கில் கொள்ளத்தக்கது. அறுபத்து நான்கு பக்கச் சிறுநூலில் பதினாறு தாள்கள் ஒன்றனுள் ஒன்றாக மடிகின்றன. ஒரு தாளின் தடிப்பு 0.1 மில்லிமீட்டர் எனக் கொண்டால், நடுத்தாள் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் வெளியே துருத்தும். ஓரம் வெட்டப்படும்போது அதன் வெளிப்புற வெற்றிடம் அந்த அளவுக்குக் குறையும். ஒவ்வொரு தாளுக்கும் சிறிது சிறிதாக நகர்த்தி இதனை ஈடுசெய்வது நல்ல நிரலின் இலக்கணம். ஒரு படத்தை இரு பக்கங்களில் பிளவின்றிப் பரப்ப இயலும் இடம் நடுத்தாளின் உட்புறம் மட்டுமே என்பதையும் வடிவமைப்பவர் அறிந்திருத்தல் வேண்டும். கணிதத்தை நிரல் செய்யும். எப்பக்கம் எங்கு விழ வேண்டும் என்பதைப் பனுவலை அறிந்தவரே முடிவு செய்ய இயலும்.

மீட்பு நெறி

ஏற்கெனவே அடுக்கப்பட்ட நிலையில் மட்டும் எஞ்சியுள்ள சிறுநூல்களை மீட்பது அரிதன்று. தாளின் முன்புறமும் பின்புறமும் மாறி மாறி வரும் கோப்பில், திரை எண்ணும் பக்க எண்ணும் எளிய உறவு கொண்டவை. எந்தத் திரையிலும் அத்திரை எண்ணுக்கு இணையான பக்கம் ஒன்று இருக்கும். மற்றொன்று, மொத்தப் பக்கங்களோடு ஒன்றைக் கூட்டி அதிலிருந்து திரை எண்ணைக் கழித்தால் வரும் பக்கம். திரை எண் ஒற்றையானால் அதற்கு இணையான பக்கம் வலப்புறத்திலும், இரட்டையானால் இடப்புறத்திலும் அமையும். இவ்விதியைக் கொண்டு ஒவ்வொரு திரையையும் இரண்டாகப் பிளந்து உரிய வரிசையில் அடுக்கும் நிரலைச் சில வரிகளில் எழுதலாம்.

இவ்விதி ஒரே மடிப்புத் தொகுதியாக அமைந்த நூலுக்கு மட்டும் பொருந்தும். அறுபத்து நான்கு பக்க நூல் பதினாறு பக்கத் தொகுதிகள் நான்காகப் பிரிக்கப்பட்டிருந்தால், கணக்கு ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் தனித்தனியே தொடங்கும். தொகுதியின் அளவு நூல் விவரணையில் குறிக்கப்படாவிட்டால், மீட்பவர் அச்சிட்ட படியைத் தேடிப் பின் அடித்த இடங்களையோ தையலையோ எண்ண வேண்டியிருக்கும். அச்சிட்ட படி கிடைக்காவிடத்துப் பக்க எண்களையும் தொடர்களின் ஒட்டையும் கொண்டு ஊகிப்பதே வழியாகும்.

முடிவுரை

பக்க அடுக்கு அச்சகத்தின் வேலை, ஆய்வாளருக்கு அதனால் ஆவதொன்றில்லை என்னும் கருத்து ஒருகாலத்தில் பொருந்தியிருக்கலாம். கருத்தரங்க மலர், சிற்றிதழ், ஆய்வுச் சுருக்கம் ஆகியவற்றைப் பல்கலைக்கழகத் துறைகளும் தனியாட்களும் தம் கணினியிலேயே அடுக்கி அச்சிடும் இக்காலத்தில் அக்கருத்து நிற்பதில்லை. அடுக்குபவரும் பாதுகாப்பவரும் பின்னர் மேற்கோள் காட்டுபவரும் ஒரே ஆய்வுச் சமூகத்தைச் சேர்ந்தவர்களாக உள்ளனர்.

இவ்வாய்வால் பெறப்படும் முடிபுகள் மூன்று. வாசிப்பு வரிசையில் அமைந்த ஒருங்குறிக் கோப்பே பாதுகாப்புக்குரிய மூலமாகக் கொள்ளப்படுதல் வேண்டும். அடுக்கப்பட்ட கோப்பு நிரலால் மீண்டும் பெறத்தக்கதாக அமைதல் வேண்டும். அந்நிரலும், தொகுதி அளவு, வெற்றுப் பக்கங்களின் இடம், தடிப்பு ஈடு ஆகிய அதன் அளவைகளும் மூலத்தோடு பேணப்படுதல் வேண்டும். தமிழ் நூல் விவரணையில் பக்க எண்ணிக்கையோடு மடிப்புத் தொகுதிகளின் எண்ணிக்கையும் இடம்பெறுதல் வேண்டும்.

அரசின் தடையைக் கடந்தும் புதுச்சேரியின் சிறுநூல்கள் இன்றைய வாசகரை வந்தடைந்துள்ளன. அவற்றின் பக்கங்கள் மடிப்பிலும் தையலிலும் தம் வரிசையைத் தாமே காத்துக்கொண்டன. கோப்பாக மட்டும் எஞ்சும் இன்றைய சிறுநூலுக்கு அந்த மடிப்பும் இல்லை, தையலும் இல்லை. அதன் வரிசையைக் காக்கும் பொறுப்பு அதனை ஆக்குவோரையும் தொகுப்போரையும் சார்ந்தது.